கொறற்றி எழுதிய ஆறாம் நிபந்தனை

மரியகொறற்றி கைபட்ட எந்தக் கடதாசியும் அவளுடைய பெயர் இல்லாமல் வெளியே போனதில்லை. தற்பெருமை என்று நினைத்துவிடாதீர்கள், அது தொழில் பழக்கிவிட்ட பழக்கம். பத்தொன்பது வருடம் கொழும்பு அளுத்கடையில், காணிப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் ஒஸ்வால்ட் நொத்தாரிசின் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவள் அவள். அந்த மனிதர் சரியான பிடிவாதக்காரர். காணி உறுதியோ, வழக்குக் கடிதமோ, வாசலில் ஒட்டும் விடுமுறை அறிவித்தலோ, எதுவானாலும் அடியில் இடது பக்கத்தில் எழுதியவரின் பெயரும் பதவியும் திகதியும் இருந்தாக வேண்டும். "நாளைக்கு ஒரு பிழை வந்தா ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது, கொறற்றி?" என்று கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து தொற்றிக்கொண்டது. கொட்டாஞ்சேனையில் அவளுடைய குசினியில் மிளகாய்த்தூள் டின்னில்கூட ஒரு துண்டு ஒட்டியிருக்கும். வறுத்து இடித்த திகதி, அடியில் றே. மரியகொறற்றி. "என்ர நெத்தியிலயும் ஒண்டை ஒட்டிவிடன். துலைஞ்சு போனா ஆராவது கொண்டுவந்து தருவினம்" என்று புருஷன் றேமண்ட் பகிடி பண்ணுவான்.

றேமண்ட் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவன். கப்பலின் அடித்தட்டில் ஒருநாள் விழுந்ததோடு இடுப்பு போய்விட்டது. மாதத்தில் ஒருநாள் களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக், மற்ற நாட்களில் கைத்தடியும் சமையலும். நன்றாகத்தான் சமைப்பான், அதைச் சொல்லாமல் விடுவது பாவம். அவன் சமைக்க அவள் உழைக்க என்று குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒஸ்வால்ட் நொத்தாரிசு செத்துப்போனார். மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தான், அழுதான், கந்தோரைப் பூட்டினான், திறப்பைக் கொண்டு போய்விட்டான். கொறற்றிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மூன்று மொழியும் கையில், எழுத்தோ மணிமணியாக. ஆனால் யாருக்கு வேண்டும்? பத்து மாதம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் முதல் கேள்வி வயது. இரண்டாவது கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

பத்தாம் மாதத்தில் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. விடிய எழும்பிக் குளித்து, வேலைக்குப் போகிற சாரியை உடுத்துக்கொண்டு கட்டிலில் குந்தியிருப்பாள். றேமண்ட் காணாதவன் போலத் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மேசை வேண்டும். எழுத ஒரு கடதாசியும், அடியில் பெயர் வைக்க ஒரு காரணமும் வேண்டும். அது இல்லாமல் இன்னொரு மாதம் போனால் தனக்கு விசர் பிடித்துவிடும் என்று மாதாவிடம் வாய்விட்டே சொன்னாள்.

இந்த நிலையில்தான், இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு தை மாதம், அந்தச் செய்தி வந்தது. நாற்பது வருடத்துக்குக் கிட்டவாக நாட்டில் ஒரு விதி இருந்தது. மதுக்கடையில் பெண்களுக்கு விற்கக்கூடாது, மேலிடத்து எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே பெண்கள் வேலை செய்யவும் கூடாது. அதை மந்திரி ஒருவர் ஒரு கையெழுத்தில் எடுத்துவிட்டாராம். ஊரெல்லாம் அதே கதை. கொறற்றி காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. அவளுடைய வீட்டுக்குள் வருகிற குடிவகை, கிறிஸ்மஸ் கேக்குக்கு ஊற்றுகிற பிராந்தி ஒன்றுதான். அதையும் றேமண்ட்தான் நொண்டி நொண்டிப் போய் வாங்கி வருவான்.

அடுத்த நாள் விடியவே கனகசபாபதி தொலைபேசியில் வந்தார். அவருக்கு வெள்ளவத்தையில் வீடு, கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு வைன் ஸ்டோர்ஸ். தகப்பன் காலத்து லைசன். மனிதர் தன் ஆயுளில் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை விரதம், நெற்றி நிறையத் திருநீறு, விற்பது மட்டும் சாராயம். நொத்தாரிசிடம் குத்தகை உறுதி எழுத வந்து போனதில் கொறற்றியைத் தெரியும்.

"பிள்ளை, ரீவி பாத்தனீரோ? பொம்பிளையள் இனி வைன் ஸ்டோர்ஸில வேலை செய்யலாமாம்."

"அதுக்கு நான் என்ன ஐயா செய்ய?"

"நீர்தான் செய்யவேணும். கார்த்திகையில மதுவரிக்காரர் வந்தவங்கள். சுவரில இருக்கிற நிபந்தனைப் பலகை கிழிஞ்சு போச்சாம், சிங்களத்தில மட்டும் கிடக்காம், மூண்டு பாஷையிலயும் வேணுமாம். பதிவுப் புத்தகமும் எழுதேல்லையாம். தையில திரும்ப வருவம், அப்பவும் இப்பிடிக் கிடந்தா லைசனை மறந்துவிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனவங்கள். என்ர அழகருக்குப் போத்தல் எடுத்துக் குடுக்கத் தெரியும், பேனை பிடிக்கத் தெரியாது. இண்டைக்கே வாரும்."

கொறற்றி உடனே கேட்டாள். "மேசை இருக்கோ, ஐயா?"

"மேசை, கதிரை, ஃபான் எல்லாம் இருக்கு."

றேமண்ட் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ போ. கோயில்ல அந்தோனியார் ஏதும் கேட்டா நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றான்.

போனாள். ஆனால் போன உடனே பேனையை எடுக்கவில்லை. முதல் வேலையாக எதிர்ப்பக்கத்துக் கடையில், அந்த விதிமாற்றம் வெளியான அரசாங்க வர்த்தமானியை, அதாவது கசற்றை, கணினியில் தேடிப் பிடித்து, அச்சடித்துக் கொண்டுவந்து, துளை போட்டுக் கோவையில் வைத்தாள். "ரீவியிலதான் சொன்னவங்களே" என்று கனகசபாபதி முணுமுணுத்தார். "ரீவியில சொன்னா அது செய்தி ஐயா. கசற்றில அடிச்சாத்தான் சட்டம்" என்றாள் அவள். பத்து மாதத்துக்குப் பிறகு வாயில் இப்படி ஒரு வசனம் வந்ததில் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

பலகை எழுத மூன்று நாள் பிடித்தது. வெள்ளை அட்டை, கறுப்பு மை, மூன்று மொழிகளுக்கும் மூன்று பத்தி. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதில்லை. ஏற்கெனவே வெறியில் இருப்பவருக்கு விற்பதில்லை. சீருடையோடு வரும் பொலிசுக்கும் படையினருக்கும் விற்பதில்லை. குறித்த நேரத்துக்கு வெளியிலும் பௌர்ணமிப் போயா நாளிலும் கடை திறப்பதில்லை. கடை வாசலில் நின்று குடிக்க விடுவதில்லை. இப்படி ஐந்து. பழைய கிழிந்த பலகையில் ஆறாவதாக ஒன்று இருந்தது, பெண்களுக்கு விற்பதும் பெண்களை வேலைக்கு வைப்பதும் கூடாது என்று. அதைத்தான் மந்திரி எடுத்துவிட்டாரே, அவள் எழுதவில்லை.

"கீழ கொஞ்சம் இடம் விடும் பிள்ளை. இந்த நாட்டில ஆர் எப்ப எதைத் திருப்பிப் போடுவாங்களோ தெரியாது" என்றார் கனகசபாபதி.

மூன்று வரிக்கு இடம் விட்டாள். அதற்கும் கீழே, இடது மூலையில், வழமைபோல எழுதினாள்: றே. மரியகொறற்றி, எழுதுநர், திகதி. பலகையைச் சுவரில் ஏற்றி ஆணி அடித்தது அழகர். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து இருபது வருடமாக அந்தக் கவுண்டரில் நிற்கிறவன். ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்து, "எழுத்து கல்யாணக் கார்டு மாதிரி இருக்குங்கக்கா" என்றான்.

எழுதியதோடு விட்டாளா? அதுதான் இல்லை. எழுதினால் அதன்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிற பைத்தியக்காரர்கள் உலகத்தில் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், அவள் அதில் ஒருத்தி. தாடிக்காரன் ஒருவனிடம் அடையாள அட்டை கேட்டாள். அவன் மூன்று பிள்ளைக்குத் தகப்பனாம், ஆனாலும் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போத்தலை வாங்கினான். தெமட்டகொடை ரயில் யார்ட்டில் வேலை முடித்து, வழியில் எங்கேயோ ஏற்றிக்கொண்டு தள்ளாடி வந்த ஒரு பெரியவரைப் பார்த்து, "அண்ணே, இண்டைக்குப் போதும், நாளைக்கு வாங்க" என்றாள். அவர் வாயைத் திறந்தார். கவுண்டருக்குப் பின்னால் சாரியோடு ஒரு பொம்பிளை நிற்பதைக் கண்டு மூடிவிட்டு, "சொறி மிஸ்" என்று போய்விட்டார்.

"அக்கா, இருவது வருசத்துல இந்த ஆளு யாருக்கும் மன்னிப்புக் கேட்டதில்லைங்க" என்றான் அழகர். கனகசபாபதி மட்டும் கைவிட்டுப் போன வியாபாரத்தைக் கணக்குப் பார்த்தார். ஆனால் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் முகம் மலர்ந்தது. கொறற்றி மாலையில் வீட்டுக்கு வந்து றேமண்ட் போட்டுத் தந்த சோற்றைக் குழைத்துக்கொண்டே அன்றைய கதை முழுவதையும் சொன்னாள். பத்து மாதமாகப் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள். அவ்வளவு சந்தோஷம்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பொங்கல். அன்று மாலை றேமண்ட் ரீவிக்கு முன்னால் இருந்தவன், "கொறற்றி, இஞ்ச ஓடி வா" என்று கூப்பிட்டான். மந்திரிக்கும் மேலே இருக்கிற ஒருவர் எங்கோ ஒரு கூட்டத்தில் ஏறி நின்று, அந்த விதித்திருத்தத்தை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டேன் என்று சொன்னாராம். கீழே கூடியிருந்தவர்கள் கை தட்டினார்களாம்.

"அப்ப நீ நாளைக்கு வேலைக்குப் போறியோ, குற்றம் செய்யப் போறியோ?" என்று கேட்டான் றேமண்ட். பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் கொறற்றிக்கு அன்றிரவு நித்திரை இல்லை. சட்டம் என்ன, 155 பஸ்ஸா, போகிற வழியில் நிறுத்தித் திருப்ப?

விடிய ஆறு மணிக்குக் கனகசபாபதி எடுத்தார், வரவேண்டாம் என்று. ஏழு மணிக்குத் திரும்ப எடுத்தார், புத்தகம் எழுத ஆள் இல்லை, வாரும் என்று. எட்டு மணிக்கு, வாரும், ஆனால் பின்கதவால் வாரும் என்றார். அவள் எட்டரைக்கு முன்கதவால் போய் நின்று, "இன்னும் கசற் வரேல்ல ஐயா" என்றாள். குரல் அவள் நினைத்த அளவுக்கு உறுதியாக வரவில்லை.

சரி, யாரிடமாவது கேட்டுத் தெளிவோம் என்று மதுவரிக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தாள். முதலில் பேசியவர், அந்தத் திருத்தம் ரத்து என்றார். எந்தத் திகதியிலிருந்து என்று கேட்டாள். கொஞ்சம் பொறுங்கள் என்று இன்னொருவரிடம் கொடுத்தார். அவர், எங்களுக்கு எழுத்தில் ஒன்றும் வரவில்லை, வரும்வரை இருக்கிறதுதான் சட்டம் என்றார். அப்படியானால் நான் வேலை செய்யலாமா என்று கேட்டாள். "நீங்கள் யார் பேசுறது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பயந்துபோய் வைத்துவிட்டாள். ஆயுளில் முதல்முறையாகத் தன் பெயரைச் சொல்லப் பயந்தாள் மரியகொறற்றி.

அந்தக் கிழமை அந்தக் கடையில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல? காலையில் அவள் கவுண்டருக்குப் பின்னால். பத்து மணிக்கு யாரோ மந்திரிசபை கூடிவிட்டதாம் என்று சொல்ல, கனகசபாபதி அவளைப் பின்னறையில் பியர்ப் பெட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோய் இருத்தினார். மத்தியானம் வேறொருவர், இல்லையில்லை, பழைய விதியைப் போடவேண்டாம் என்று வழக்குப் போடப் போகிறார்களாம் என்றார். திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்தார். பின்னேரம் ஒரு வான் வந்து நின்றது, மதுவரிக்காரர்தான் என்று திரும்பப் பின்னுக்கு. பார்த்தால் சோடாக்காரன்.

இதற்குள் பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் ஒருத்தி, மகளின் கல்யாணக் கேக்குக்குப் பிராந்தி வேண்டும் என்று தானே நேரில் வந்து நின்றாள். கொடுப்பதா விடுவதா? அழகர் கொறற்றியைப் பார்த்தான். கொறற்றி கனகசபாபதியைப் பார்த்தாள். அவர் மேலே சாமிப்படத்தைப் பார்த்தார். "என்னப்பா இது? வெள்ளவத்தைப் பக்கம் பெரிய கடையில எண்டா கூடையில போட்டுக்கொண்டு வரலாம், ஆரும் கேக்கிறேல்ல" என்றாள் வந்தவள். அதுவும் உண்மைதான். அங்கே செல்லாத விதி இங்கே மட்டும் செல்லும் என்றால், அது விதியா, ஆளைப் பார்த்து மாறுகிற குணமா? கடைசியில் அந்த மனிசி தெருவில் போன ஓட்டோக்காரன் ஒருவனை மறித்து உள்ளே அனுப்பி வாங்கிக்கொண்டு போனாள். அவனுக்கு நல்ல வெறி. கவனித்திருந்தால் கொறற்றி அவனுக்குத்தான் கொடுக்க விட்டிருக்கமாட்டாள்.

ஒவ்வொரு நாள் மாலையும் றேமண்ட் ஒன்றைத்தான் கேட்டான். "இருக்கோ, இல்லையோ?" அவளும் ஒன்றைத்தான் சொன்னாள். "தெரியேல்ல." ஆனால் அவள் காலையில் சாரி உடுத்துவதை நிறுத்தவில்லை. போகும்போது புதிய பேனையொன்றையும் வாங்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு மதுவரி இன்ஸ்பெக்டர் ஹமீட் உண்மையாகவே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைத்தாடி, சாராயக்கடைகளைப் பரிசோதிப்பதே தொழிலாக இருந்தும் வாடையே பிடிக்காத மனிதர். மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். கனகசபாபதி கொறற்றியைத் தோளில் பிடித்துத் தள்ளாத குறையாகப் பின்னறைக்கு அனுப்பினார். பியர்ப் பெட்டிகளுக்கு நடுவில், கதவு நீக்கலால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

ஹமீட் புத்தகத்தைப் புரட்டினார். தலையை ஆட்டினார். பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்றவர் லேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"அல்லாவே, இது என்ன எழுத்து! கொழும்பு வடக்கில இப்பிடி ஒரு பலகைய நான் காணல்ல முதலாளி. மூணு பாஷையும் பிழையில்லாம ஈக்கி."

பின்னறையில் கொறற்றிக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து மாதத்துக்குப் பிறகு அவளுடைய எழுத்தை ஒருவர் நின்று வாசிக்கிறார். ஆனால் வாசிக்கிற மனிதர் கடைசி வரை வாசிப்பார் என்பதை அவள் அந்த நிமிஷம் வரை நினைக்கவில்லை.

"அடியில ஒரு பேரு ஈக்கே. றே. மரியகொறற்றி. எழுதுநர். இது யாரு?"

கொறற்றி வாயைப் பொத்திக்கொண்டாள். சீ, என்ன வேலை செய்துவிட்டாள்! அவளை நாலு நாளாக முன்னுக்கும் பின்னுக்குமாக ஒளித்தார்களே, சுவரில் அவளே தன்னை எழுதி மாட்டியிருக்கிறாளே! பார்த்த ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை, அவளுக்கும்தான்.

"அது... அது ஒரு பெடியன். வந்து எழுதிப்போட்டுப் போறவன்" என்றார் கனகசபாபதி.

"மரியா எண்டு பொடியனா?"

"வேதக்காரர் சேர். அவையளின்ர பேரில ஆணும் பெண்ணும் கலந்துதான் கிடக்கும்."

ஹமீட் திரும்பவும் அந்தப் பெயரைப் பார்த்தார். நல்ல மனிதர், நம்ப விரும்பினார். "சரி. பொம்பளை ஊழியர் இல்ல எண்டு எழுதுறன்" என்று பேனையைத் திறந்தார்.

கதவுக்குப் பின்னால் கொறற்றிக்கு அந்தப் பேனை மட்டும்தான் தெரிந்தது. அது கடதாசியில் பட்டால் அந்த வசனம் பரிசோதனை அறிக்கையில் ஏறும். அடியில் அந்த மனிதரின் கையெழுத்தும் திகதியும் வரும். அது பொய். பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நாளைக்கும் மேசை இருந்திருக்கும், பியர்ப் பெட்டிகளுக்கு நடுவிலாவது. ஆனால் கால் அவளைக் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றாள்.

"எழுதாதீங்க சேர். அது நான்தான்."

"போச்சு" என்றார் கனகசபாபதி.

ஹமீட் பேனையை மூடினார். "ஏன் தங்கச்சி வெளிய வந்தீங்க? நான் எழுதி முடிக்கத்தானே போனேன்."

"பிழையா எழுதப் போனீங்க சேர்." கோவையைத் திறந்து வர்த்தமானியைக் காட்டினாள். "இதில பொம்பிளையள் வேலை செய்யலாம் எண்டு இருக்கு. இதை மாத்தின கசற் ஒண்டும் நான் காணேல்ல. நான் கள்ள வேலை செய்யேல்ல."

"அதுதானே பிரச்சினை" என்று ஹமீட் கைத்தொலைபேசியை எடுத்தார். "இது இண்டைக்குக் காலையிலதான் எனக்கு அனுப்பினாங்க. எழுத்து எறும்பு மாதிரி ஈக்கி, சட்டச் சிங்களமும் எனக்குச் சரியா வெளங்கல்ல. பழைய விதி திரும்ப வருதாம். எண்டையிலிருந்து எண்டு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றத்த நான் எழுதுறன்."

அவள் வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த நடையை அவள் பத்தொன்பது வருடம் வாசித்திருக்கிறாள். ஒரே வரியில் விளங்கிவிட்டது. தலையை நிமிர்த்தினாள். கனகசபாபதி இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒன்றாம் திகதி, ஒன்றாம் திகதி என்று வாயசைத்துக்கொண்டிருந்தார். அழகர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றாம் திகதி என்று சொன்னால் இன்னும் இரண்டு கிழமை. அதற்குள் இந்த நாட்டில் சட்டம் இன்னும் இரண்டு தரம் மாறினாலும் மாறும். ஆர் வந்து கேட்கப் போகிறான்?

ஆர் வந்து கேட்கப் போகிறான் என்று நினைத்ததும் ஒஸ்வால்ட் நொத்தாரிசின் கண்ணாடி ஞாபகம் வந்தது. நாசமாய்ப் போன கண்ணாடி.

"இண்டையிலிருந்து, சேர்."

ஹமீட் கைத்தொலைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "அப்ப தங்கச்சி, நீங்க கவுண்டருக்கு உள்ளுக்கு நிக்க ஏலாது."

அவள் கவுண்டரின் மடிப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளிப்பக்கம் வந்தாள். வந்து நின்றவளுக்கு ஒரு யோசனை. "சேர், இந்தப் பக்கம் நிண்டா நான் வாங்க வந்த பொம்பிளை. அதுவும் ஏலாது. அப்ப நான் எங்க நிக்கிறது?"

ஹமீட் தாடியைச் சொறிந்தார். கேள்வி பகிடியாக இல்லை. சுற்றிப் பார்த்தார். கடைசியில் வாசலைக் காட்டினார்.

அவள் படி இறங்கி நடைபாதையில் நின்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "இன்னொண்ணு ஈக்கி முதலாளி" என்றார் ஹமீட் தயங்கித் தயங்கி. "பலகையில ஆறாவது நிபந்தனை இல்ல. இண்டையிலிருந்து அது இருக்கோணும். இல்லாட்டி பலகை பூரணமில்ல எண்டுதான் நான் எழுதோணும். ரெண்டாவது தரம் வேற."

கனகசபாபதி வெளியே பார்த்தார். நடைபாதையில் நின்றவள் அதைக் கேட்டுவிட்டாள். "அந்தப் பெட்டியைக் கொண்டாங்க அழகர்" என்றாள்.

அழகர் வெறும் பியர்ப் பெட்டி ஒன்றை நடைபாதையில் கவிழ்த்து வைத்து, பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து அதன்மேல் சாய்த்துப் பிடித்தான். "நீங்களேதான் எழுதணுமாங்கக்கா?" என்றான்.

"வேற ஆருக்கு இஞ்ச மூண்டு பாஷையும் தெரியும்?"

புதிய பேனையால் எழுதினாள். பஸ் போனது, ஓட்டோ போனது, ஒழுங்கைச் சனம் நின்று பார்த்தது. பெண்களுக்கு விற்பதில்லை, எழுத்து அனுமதியின்றிப் பெண்களை இங்கு வேலைக்கு அமர்த்துவதில்லை. முதலில் சிங்களம், பிறகு தமிழ், பிறகு ஆங்கிலம். விட்டுவைத்த மூன்று வரிக்குள் அளவாக அடங்கியது. ஒரு எழுத்தும் கோணவில்லை. முடித்த கையோடு, பழைய திகதிக்குப் பக்கத்தில் அன்றைய திகதியையும் பொடி எழுத்தில் போட்டாள். பழக்கம், வேறென்ன?

ஹமீட் குனிந்து பார்த்தார். "பேரு வாணாம் தங்கச்சி" என்றார் மெல்ல. "ஆறாவது நிபந்தனைக்குக் கீழ அந்தப் பேரு இருந்தா... விளங்கும்தானே."

அழகர் விலை ஒட்டுகிற வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்தான். அவள் வாங்கி, நகத்தால் உரித்து, நேர்பார்த்து, தன் பெயருக்கு மேலே ஒட்டினாள். ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் விரலால் தடவிவிட்டாள். ஹமீட் பலகையைப் படம் எடுத்தார். "மத்தக் கடைக்காரருக்கும் காட்டுறன். இதப் பாத்து அவங்களும் போடட்டும். எல்லாம் சரி எண்டு எழுதுறன் முதலாளி" என்றார். லைசன் தப்பியது. கனகசபாபதி அவளுடைய கையைப் பிடித்து, "சட்டம் திரும்ப மாறினா முதல் ஆள் நீர்தான் பிள்ளை" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

வீட்டில் றேமண்ட் கேட்டான். "இருக்கோ, இல்லையோ?"

"இல்லை" என்றாள். நாலு நாளுக்குப் பிறகு ஒரு தெளிவான பதில். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்தாள். வழியில் ஒரு வைன் ஸ்டோர்ஸ். கனகசபாபதியுடையது அல்ல, வேறொன்று. கவுண்டருக்கு மேலே சுவரில் ஒரு பலகை. கால் நின்றுவிட்டது. மூன்று பத்தி, ஆறு நிபந்தனை, அவளுடைய எழுத்து. ஹமீட் எடுத்த படத்தை அப்படியே பெரிதாக்கி அச்சடித்து மாட்டியிருந்தார்கள். இடது மூலையில் அந்த வெள்ளைத் துண்டுகூட அப்படியே விழுந்திருந்தது. இரண்டு சந்தி தள்ளி இன்னொரு கடை, அங்கும் அதே பலகை. அதையாவது கிட்டப் போய்ப் பார்ப்போம், அந்த மூன்று வரி நேராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம் என்று ஒரு படி ஏறினாள்.

உள்ளேயிருந்த நரைத்த தலைக்காரர் கையை அசைத்தார். "அம்மா, பொம்பளையளுக்கு இங்க இல்ல."

"நான் வாங்க வரேல்ல. அந்தப் பலகையை..."

"அதைத்தான் நானும் சொல்லுறன். பலகையில ஆறாவதா எழுதியிருக்கு. வாசிக்கத் தெரியாட்டி ஆரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்க."

மரியகொறற்றி நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். ஆறாவது வரி நேராகத்தான் விழுந்திருந்தது. "வாசிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.